கார் வெளியே, பையன்கள் உள்ளே: கேரேஜ் ராக் நாவல் எழுத ஒரு முழு வழிகாட்டி

என் நாவலின் முதல் வரைவில், 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள டகோமா நகரத்துப் பையன் ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாங்க கேரேஜ் ராக் வாசிக்கிறோம்" என்பான். படித்துப் பார்த்த நண்பர் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, "இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. வீட்டுக் கார் அறைகளில் ஒத்திகை பார்த்த பையன்களின் கரடுமுரடான ராக் இசைக்கு அந்தப் பெயர் அப்போது புழக்கத்தில் இல்லை. அறுபதுகளின் சிறு குழுக்கள் போட்ட பாட்டுகளைத் திரட்டி, இசை எழுத்தாளர் லென்னி கே 1972இல் 'நக்கெட்ஸ்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அந்த எழுபதுகளில்தான் இந்த இசைக்குத் தனிப்பெயர்கள் ஒட்டத் தொடங்கின. 1965இல் அந்தப் பையன்கள் வாசித்தது அவர்களுக்கு வெறும் ராக் அண்டு ரோல்.

வரைவு முழுக்கவே அந்த லட்சணத்தில்தான் இருந்தது. இசையைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகள். ஆனால் ஆம்ப்ளிஃபயர் யாருடையது என்று 200 பக்கத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மூன்றாம் முறை எழுதும்போதுதான் பிடிபட்டது: சத்தத்தை வர்ணித்துப் பயனில்லை, அது ஏன் அப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

படி 1: ஊரையும் ஆண்டையும் பூட்டிவிடுங்கள்

"அறுபதுகளின் அமெரிக்கா" என்று பொதுவாகத் தொடங்காதீர்கள். 1963க்கும் 1967க்கும் நடுவே அங்கே எல்லாம் மாறிவிட்டது. 1964 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு பீட்டில்ஸ் குழு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வாசித்ததை 7 கோடியே 30 லட்சம் பேர் டிவியில் பார்த்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு பையன்கள் கிடார் கேட்டு அழுதார்கள். 1967 வாக்கில் ஸ்டுடியோக்களும் பாட்டுகளின் நீளமும் வளர்ந்துவிட்டன. மூன்றே மூன்று கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வைத்துக்கொண்டு ஓட்டிய காலம் மங்கிவிட்டது. உங்கள் கதை இதில் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துப் பையனின் தலைமுடி நீளம்கூட மாறும்.

ஊர் விஷயமும் அப்படித்தான். நான் டகோமாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பீட்டில்ஸ் வருவதற்கு முன்பே அங்கே இந்தச் சத்தம் இருந்தது. அந்த ஊரின் வெய்லர்ஸ் குழு 1961இலேயே எட்டிகெட் என்று சொந்தமாக ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், தொடங்கித் தட்டு போட்டது. பிறகு அதே லேபிள்தான் சோனிக்ஸ் குழுவை வெளியே கொண்டுவந்தது. ஊரும் கைகொடுக்கும் ஊர். காகிதக்கூழ் ஆலைகளின் நாற்றம் ஊருக்கே அடையாளம். அதை வைத்து 'டகோமா வாசம்' என்று கேலி பேசுவார்கள். பக்கத்து ரஸ்டனில் தாமிரம் உருக்கும் ஆலை, அதற்கு 560 அடிக்கு மேல் உயரமான புகைபோக்கி. சற்றுத் தள்ளி ஃபோர்ட் லூயிஸ் ராணுவ முகாம். அப்புறம் மழை.

மழையைச் சும்மா சொல்லவில்லை. நம் வாசகருக்கு கேரேஜ் என்றால் வண்டி பழுது பார்க்கும் கடைதான் முதலில் நினைவுக்கு வரும். இது வேறு. போருக்குப் பின் கட்டிய புறநகர் வீடுகளில் வீட்டோடு ஒட்டி, மேலே தூக்கித் திறக்கும் கதவோடு இருக்கும் கார் அறை. தரை சிமென்ட், நடுவில் எண்ணெய்க் கறை, சுவரில் அப்பாவின் ஸ்பேனர்கள். பையன்கள் உள்ளே வாசிக்க வேண்டுமென்றால் கார் வெளியே நிற்க வேண்டும். டகோமாவில் அது மாதக் கணக்கில் மழையில் நிற்க வேண்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை மூட்ட இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் இசையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. "பம்பர்ல துரு ஏறுது" என்றால் போதும்.

படி 2: யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பாத்திரங்களின் குணநலன்களை யோசிப்பதற்கு முன்னால் ஒரே தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பெயர், பிறந்த தேதி, என்ன பொருள் அவனுக்குச் சொந்தம், அதற்குக் காசு எங்கிருந்து வந்தது, அப்பாவுக்கு என்ன வேலை. குணம் தானாக வரும்.

இந்தக் குழுக்களில் யார் என்ன வாசிப்பது என்பதைத் திறமை தீர்மானித்ததைவிடப் பொருள் தீர்மானித்ததுதான் அதிகம். கிடார் வாசிக்கும் மூவரில் சுமாரானவன் பேஸ் கிடாருக்குத் தள்ளப்படுவான். சின்ன வயதில் அம்மா கட்டாயப்படுத்திப் பியானோ வகுப்புக்கு அனுப்பியவன், அதுவரை அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டவன், திடீரென்று ஆர்கன் வாசிக்கத் தேவைப்படுவான். வண்டி வைத்திருப்பவனை எவ்வளவு மோசமாக வாசித்தாலும் நீக்க முடியாது. ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஒத்திகை முடிந்தது.

பெயரும் ஒரு சொத்துதான். போர்ட்லண்ட் நகரத்துக் கிங்ஸ்மென் குழுவில் நடந்ததைப் பாருங்கள். 'லூயி லூயி' பாட்டைப் பாடியவர் ஜாக் ஈலி. டிரம்மர் லின் ஈஸ்டனும் அவருடைய அம்மாவும் குழுவின் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 1963இல் ஈஸ்டன், இனி நான்தான் முன்னால் நின்று பாடுவேன் என்றார். ஈலி வெளியேறினார். சில மாதங்களில் அவர் பாடிய அந்தத் தட்டு நாடெங்கும் ஓடியது, மேடையில் அவர் இல்லை. ஒரு பதிவுத்தாள், ஒரு அம்மாவின் கையெழுத்து: இதை வைத்தே ஒரு நாவலின் நடுப்பகுதி முழுக்க ஓட்டலாம்.

ஐந்து பேரும் ஒரே மாதிரி வெள்ளைக்காரப் பையன்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மிச்சிகனின் சாகினா பள்ளத்தாக்கிலிருந்து வந்த 'கொஸ்டின் மார்க் அண்டு தி மிஸ்டீரியன்ஸ்' குழுவினர், டெக்சஸ் பக்கமிருந்து பண்ணை வேலைக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆர்கன் ஓங்கி ஒலிக்கும் அவர்களுடைய '96 டியர்ஸ்' 1966 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. டெட்ராய்ட் பக்கம் பெண் பிள்ளைகளும் வாசித்தார்கள். 1964இல் தொடங்கிய பிளெஷர் சீக்கர்ஸ் குழுவில் சூஸி குவாட்ரோவுக்கு வயது 14. எனக்கு இன்னொரு நாவல் எழுதத் தெம்பு இருந்தால் அந்தப் பக்கம்தான் போவேன்.

படி 3: கருவிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

சியர்ஸ் கம்பெனியின் கேட்டலாக்கில் சில்வர்டோன் என்ற பெயரில் ஒரு கிடார் விற்றார்கள். அதன் விசேஷம், கிடார்ப் பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பதித்திருக்கும். பெட்டியைத் திறந்து கிடாரை எடுத்து, பெட்டியை நிமிர்த்தி வைத்து, வயரைச் செருகினால் கச்சேரி தயார். ஆசை ஆசையாய்த் தபாலில் வரவழைத்தவனும் உண்டு. கிறிஸ்துமஸ் காலை அதைப் பார்த்து, தான் கேட்டது ஃபெண்டர் கம்பெனிக் கிடார் என்று முகம் சுண்டியவனும் உண்டு. உங்கள் பையன் இருவரில் யார்?

அக்காலத்து ஆம்ப்ளிஃபயரில் வால்வுகள் உண்டு. ஸ்விட்சைப் போட்டதும் சத்தம் வராது. வால்வு சூடாக அரை நிமிடம் போல ஆகும், மேலே படிந்த தூசி தீய்ந்து ஒரு வாடை வரும், பிறகு மெல்ல 'உம்ம்' என்று முனகல் எழும். அந்த அரை நிமிடம் நாவலாசிரியருக்குக் கிடைத்த வரம். ஐந்து பேர் ஒன்றும் செய்ய முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சொல்ல வேண்டியதை அங்கே சொல்ல வைக்கலாம், சொல்லாமல் விடவும் வைக்கலாம்.

இரண்டு இன்புட் உள்ள ஒரே ஆம்ப்ளிஃபயரில் கிடாரும் பாடுகிறவனின் மைக்கும் சேர்ந்து செருகியிருக்கும். அதனால்தான் வார்த்தை புரியாது. சின்ன ஸ்பீக்கரை அதன் சக்திக்கு மீறித் திருகினால் சத்தம் கிழியும். அந்தக் கிழிசலே பிடித்துப்போய், லண்டனில் கிங்க்ஸ் குழுவின் கிடார்க்காரர் டேவ் டேவிஸ் 1964இல் தன் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறியே விட்டார். சிமென்ட் தரையில் டிரம் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். பழைய கம்பளம் விரித்தால் நிற்கும். அந்தக் கம்பளம் யார் வீட்டுக் கூடத்திலிருந்து வந்தது என்றும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சத்தத்தை அதன் காரணத்திலிருந்து எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் கிங்ஸ்மென் குழுவின் அந்த ஒலிப்பதிவு. 1963 ஏப்ரல், போர்ட்லண்டில் ஒரு சிறிய ஸ்டுடியோ, மொத்தச் செலவு சுமார் 50 டாலர். பாடகருக்கான மைக் தலைக்கு வெகு உயரத்தில் தொங்கியது. ஈலி அண்ணாந்து பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். கிடார் தனிவாசிப்பு முடிந்ததும் அவர் அவசரப்பட்டு உள்ளே நுழைந்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவார். டிரம்மர் ஓர் உருட்டு உருட்டி அந்த ஓட்டையை மூடுவார். அந்தத் தவறோடுதான் தட்டு வெளிவந்தது.

பாட்டில், ஜமைக்காவில் இருக்கும் தன் பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும் என்று ஒரு மாலுமி புலம்புகிறான், அவ்வளவுதான். ஆனால் வார்த்தை புரியாததால் பிள்ளைகள் ஆபாசமாகக் கற்பனை செய்துகொண்டார்கள், பெற்றோர் பதறினார்கள், எஃப்.பி.ஐ. விசாரித்தது. எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டாலும் புரியவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. ஒரு மைக்கை இரண்டடி கீழே இறக்கியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

இதை அப்படியே உங்கள் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். என் முதல் வரைவில் இருந்த வாக்கியம் இது, வெட்கத்தோடு தருகிறேன்: "கிடாரின் நாதம் இடிமுழக்கமாய் எழுந்து அந்தச் சின்ன அறையையே அதிர வைத்தது." இதைச் செண்டை மேளத்துக்கும் எழுதலாம், மிக்ஸிக்கும் எழுதலாம். திருத்திய பகுதி இப்படி வந்தது:

"ராயின் ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் ஒரே கிடையாக அழுத்த வேண்டும். மூன்று கம்பி பேசியது, மூன்று 'தொக்' என்று செத்து விழுந்தது. எஃப் கார்டு வருகிற இடத்திலெல்லாம் பாட்டு நொண்டியது. நான்காம் நாள் அவன் கிடாரை மடியில் கவிழ்த்துவிட்டு, 'சி வேணாம், டி-யிலேர்ந்து வாசிப்போம்' என்றான். டி, ஜி, ஏ மூன்றும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாரும் டேனியைக் கேட்கவில்லை. மூன்றாவது வரியின் உச்சியில் டேனியின் தொண்டை பிளந்தது. கார்ல் அடிப்பதை நிறுத்தாமலே சிரித்தான். அடுத்த சுற்றில் அதே இடம் வந்ததும் டேனி வேண்டுமென்றே கத்தினான். கார்ல் இந்த முறை சிரிக்கவில்லை."

வலிக்கிற விரல், அதனால் உயர்ந்த சுருதி, அதனால் உடைந்த குரல், அதிலிருந்து பிறந்த கத்தல். வாசகர் எந்தப் பாட்டையும் கேட்கவில்லை, ஆனால் அந்தக் குழு எப்படி ஒலிக்கும் என்று அவருக்குத் தெரியும். கிடார் வாசிக்கத் தெரியாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கி, ஒரு மாதம் எஃப் கார்டோடு மல்லுக்கட்டுங்கள். விரல் நுனி காய்த்துப் போகிற வரைக்கும்தான் கஷ்டம்.

இன்னொன்று. நம் மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தடதட, படபட என்று அள்ளி இறைக்கக் கை பரபரக்கும். பக்கத்துக்கு ஒன்று போதும், அதுவும் குறிப்பாக இருக்கட்டும். ஸ்நேர் டிரம்மின் தோல் தளர்ந்திருந்தால் 'தொளதொள', நெக்கில் கம்பி உரசினால் 'கிர்ர்'. எல்லாச் சத்தமும் பெரிதாக இருந்தால் எதுவும் காதில் விழாது.

படி 5: அவர்களைத் தமிழில் பேசவிடுங்கள், மதுரையில் அல்ல

டகோமா பையன்கள் தமிழில் எப்படிப் பேசுவார்கள்? என்னை அதிகம் அலைக்கழித்த கேள்வி இது. "மச்சான், மாப்ள" போட்டதும் அவர்கள் கீழவாசலில் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுத்தத் தமிழில் எழுதியபோது பழைய மொழிபெயர்ப்பு நாவல் மாதிரி விறைத்தது. கடைசியில் நான் வைத்துக்கொண்ட விதி: நண்பர்களுக்குள் 'டா' உண்டு, வட்டாரச் சொல் கிடையாது, வாக்கியம் சின்னதாக இருக்கும். நண்பனின் அப்பாவை 'அங்கிள்' என்று நம் பழக்கத்தில் கூப்பிட வைக்காதீர்கள். அங்கே அவர் மிஸ்டர் இன்னார்தான். அம்மா அம்மாவாகவே இருக்கட்டும், 'மாம்' வேண்டாம். தமிழில் நாவல் எழுதுகிறோம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

பாட்டு வரிகளுக்கு வருவோம். நிஜப் பாட்டுகளின் வரிகளைப் போடாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம், அவற்றைத் தமிழாக்கினால் அசடு வழியும் என்பது இன்னொருபுறம். உங்கள் குழுவின் சொந்தப் பாட்டை எழுதுங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டின் ஓசை ஒற்றுமை வரிக் கடைசியில் விழும், நம் இயைபு போல. நமக்கோ எதுகையும் மோனையும் காதில் ஊறியவை. மோனை நிரம்பிய வரியைப் பதினாறு வயது அமெரிக்கப் பையன் எழுதினதாகக் காட்டினால் அதில் கவியரங்க வாடை அடிக்கும். இயைபு மட்டும் வைத்து, அதுவும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் பொருத்தியதாக வைத்தால் நம்ப முடிகிறது. என் டேனி எழுதியது: "சொன்னா கேக்க மாட்டியா / போனைத்தான் எடுக்க மாட்டியா". மட்டமான வரிதான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறவன் அப்படித்தான் எழுதுவான். அதை அவன் பாடும்போது அந்தப் பெண்ணின் வீட்டு ஜன்னல் மூடுகிற சத்தத்தை மட்டும் நீங்கள் எழுதினால் போதும்.

படி 6: எல்லோருக்கும் 18 வயது ஆகப் போகிறது

முதல் தாளில் பிறந்த தேதி கேட்டேன் அல்லவா? காரணம் இதுதான். அன்றைய அமெரிக்காவில் 18 வயதானதும் ஒவ்வொரு ஆணும் கட்டாய ராணுவச் சேர்க்கைக்குப் பெயர் பதிய வேண்டியிருந்தது. 1964 முடிவில் வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 23,000. 1965 முடிவில் ஏறத்தாழ 1,84,000. நடுவில், 1965 ஜூலை 28 அன்று, மாதம் 17,000 பேரை அழைப்பதை 35,000 ஆக்குவதாக ஜனாதிபதி ஜான்சன் அறிவித்தார். அன்று உங்கள் கேரேஜில் என்ன பாட்டு ஒத்திகை நடந்தது?

முழுநேரக் கல்லூரியில் படிப்பவருக்கு 2-எஸ் என்று விலக்கு. உடல் தகுதி இல்லாதவர் 4-எஃப். எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்ற நிலையில் இருப்பவர் 1-ஏ. குழுவில் ஒருவனுக்கு அப்பாவிடம் கல்லூரிக்குக் காசு இருக்கும், ஒருவனுக்கு இருக்காது. ஒரே மேடையில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே அந்த எழுத்தும் எண்ணும் வந்து நிற்கும். மிஸ்டீரியன்ஸ் குழுவிலேயே அந்தப் பெரிய பாட்டு பதிவாவதற்கு முன் இருவர் ராணுவத்துக்குப் போனார்கள், வேறு இருவர் வந்தார்கள். கச்சேரிக்குப் போய் வர நேரம் வேண்டுமென்று ஒருவன் கல்லூரிப் பாடத்தைக் குறைத்துக்கொள்கிறான் என்று வையுங்கள். முழுநேர மாணவன் இல்லையென்றால் விலக்கும் இல்லை. வில்லன் தேவையே இல்லாத கதை இது.

போரைப் பற்றி வசனம் எழுதாதீர்கள். அழைப்புக் கடிதம் வந்த வீட்டில் பேஸ் கிடாரை யாருக்கு விற்பது என்ற பேச்சு நடக்கட்டும்.

படி 7: மேடை, தட்டு, ரேடியோ

இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கலாம், பல நாவல்கள் இங்கேதான் தேவைக்கு மேல் தங்குகின்றன. பள்ளி ஜிம், ரோலர் ஸ்கேட்டிங் கூடம், ராணுவக் காவற்படை மண்டபம் என்று நடன இரவுகள் நடந்தன. சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் நடுவே, 99ஆம் நெடுஞ்சாலையில் இருந்த ஸ்பானிஷ் காசில் நடனக்கூடம் எல்லோருக்கும் கனவு. கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் பாட்டு ஒன்றின் தலைப்பிலேயே அதை வைத்தார். சியாட்டிலின் கே.ஜே.ஆர். வானொலியில் பேர்போன அறிவிப்பாளர் பேட் ஓடே, நடன நிகழ்ச்சிகளையும் நடத்தினார். பாட்டை ஒலிபரப்புகிறவரும் மேடை தருகிறவரும் ஒரே ஆள் என்றால் பையன்கள் எத்தனை குழைவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

'குழுக்களுக்குள் போட்டி' என்று ஒன்று நடக்கும். அதை உச்சக்காட்சி ஆக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால் 60ஆம் பக்கத்தில் வைத்து, தோற்கடித்துவிடுங்கள்.

தட்டுப் பதிவுக்கு ஒரு காட்சி தாராளமாகக் கொடுக்கலாம். சோனிக்ஸ் குழு தங்கள் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, எதிரொலியை அடக்க ஸ்டுடியோ சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்துப் போட்டார்கள், சத்தம் இன்னும் உயிரோடு வர வேண்டுமென்று. ஒரு பையன் முட்டை அட்டையைப் பிய்க்கும்போது ஸ்டுடியோக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்தாலே மூன்று பக்கம் வரும். 7 அங்குலத் தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். முதல் பக்கத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். பின்பக்கத்துக்குப் பாட்டே இருக்காது. மிச்ச நேரத்தில் எதையாவது வாசித்து நிரப்புவார்கள். என் நாவலில் ரேடியோக்காரர் தவறிப் போய்ப் பின்பக்கத்தைத்தான் போடுகிறார்.

படி 8: திருத்தும்போது தேட வேண்டியவை

சுருதி சேர்க்கும் மின்கருவியை 1965இல் கிடாரின் தலையில் மாட்டியிருந்தீர்களானால் எடுத்துவிடுங்கள். ஆர்கன் இருந்தால் அதற்குச் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் ஊதுகுழலுக்கு. ஒத்திகையை கேசட்டில் பதிவு செய்ய வைக்காதீர்கள், யாராவது மாமாவின் ஸ்பூல் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கட்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற புத்திசாலி எவனும் அந்தக் கேரேஜில் இருக்க வேண்டாம். பிறகு 'நாதம்', 'அதிர்ந்தது', 'முழங்கியது', 'ஆன்மா' என்ற நான்கு சொற்களைக் கணினியில் தேடுங்கள். எனக்கு முதல் வரைவில் 71 இடம் வந்தது. இரண்டு மட்டும் தப்பின, அவையும் பாதிரியார் பேசும் வசனத்தில்.

படி 9: முடிவு

குழு உடைந்தே ஆக வேண்டும். அநேகமாக எல்லாமே உடைந்தன. உடைகிற சண்டையை எழுதுவது சுலபம், அதனாலேயே நான் அதைத் தவிர்த்தேன். ஒரு வியாழக்கிழமை இரண்டு பேர் வரவில்லை, அடுத்த வியாழன் மூன்று பேர்.

கடைசிப் பக்கத்தில் டேனியின் அப்பா மழையில் நின்ற காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறார். கம்பளத்தை யாரும் எடுத்துப் போகவில்லை. டிரம் ஸ்டாண்டின் கால்கள் அழுத்திய குழிகள் அதில் இருக்கின்றன, முன்சக்கரம் அதில் ஒன்றின் மேல் ஏறி நிற்கிறது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருந்தேன். பென்சில் நண்பர் அந்த வாக்கியத்தை மட்டும் அடிக்கச் சொன்னார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடித்துவிட்டேன்.